ஒரு மணிக்கு இறங்கும் நிழல்

அன்று மத்தியானம் வெயில் என் தையல் மெஷினின் சக்கரத்தில் ஏறி, அங்கிருந்து இறங்கி என் மடிக்கு வந்துவிட்டது. மடியில் பாதி தைத்த பட்டுப்புடவை. அதைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு மணியைப் பார்த்தேன். ஒன்றே கால். என் ஜன்னலுக்கு மேலே வெயில் மறைக்கக் கட்டிய கித்தான் ஷேட் சரியாக ஒரு மணிக்கு இறங்கிவிடும். அதை இறக்குகிறவர் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மூன்று கடை தள்ளி இருக்கும் மருந்துக்கடையிலும் ஷேட் சுருட்டியபடியே கிடந்தது. அலமாரிக் கண்ணாடியில் வெயில் அடித்து மருந்துப் பாட்டில்கள் மின்னிக்கொண்டிருந்தன. அவர் ஊருக்குப் போவதானால் முந்தின நாளே சொல்லிவிட்டுத்தான் போவார்.

ஒன்றரைக்கு மருந்துக்கடைக்காரர் வந்து என் வாசலில் நின்றார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "சரசாம்மா, விஷயம் தெரியுமா? நம்ம முனிரத்தினம் போய்ட்டாருமா. காலைல பால்காரரு கதவத் தட்டிகினே இருந்தாராம். தொறக்கலயாம். அப்பால ஒடச்சிதான் பாத்துகீறாங்க. தூக்கத்துலயே முடிஞ்சிருக்குது" என்றார். அவர் போன பிறகும், ஷேடை இறக்க ஆள் வரப்போகிறது என்பதுபோல் ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று அவர் படத்தைத் திறக்கிறோம். "நீங்கதான் அவராண்ட ரொம்ப நாள் வேல செஞ்சவங்க, நாலு வார்த்த பேசுங்க" என்று கடைத்தெருக்காரர்கள் கேட்டார்கள். கூட்டத்தில் எனக்குப் பேச வராது. நான் வாயைத் திறந்தால் சண்டையில்தான் முடியும் என்று என் அம்மாவே சொல்லுவாள். அதனால் எழுதித் தருகிறேன். குரல் உள்ளவர் யாராவது வாசிக்கட்டும். ஆனால் ஒரு வரி விடாமல் வாசிக்க வேண்டும்.

ஏன் இப்படிக் கறாராகச் சொல்கிறேன் என்றால், அவருடைய சொந்த ஊரான தேசூரில் அவரை எடுத்த அன்று ஒரு பேச்சு என் காதில் விழுந்தது. ஆரணியிலிருந்து வேன் வைத்துக்கொண்டு வந்திருந்தீர்கள். அதற்கு நன்றி. பறை அடித்துக்கொண்டிருக்கும்போதே உங்களில் ஒருவர் இன்னொருவரிடம், "நல்ல மனுஷன்யா. அந்தப் புடவ விஷயத்துல ஒண்டிதான் கோட்ட வுட்டுட்டாரு" என்றார். பக்கத்தில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். பத்து வருடத்துக்கு மேல் ஆகியும், பாடையில் படுத்த பிறகும், அந்தப் பேர் அவரை விட்டுப் போகவில்லை. அது அவருக்கு வந்திருக்க வேண்டிய பேரே அல்ல. அதைச் சொல்லத்தான் இந்தக் காகிதம்.

புதிதாகக் கடை போட்டவர்களுக்கு அவரைச் சரியாகத் தெரியாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நம் கடைத்தெருவில் வெயிலுக்கு என்ன இருந்தது? மூங்கில் கழியில் கட்டிய கோணி, பழைய வேட்டி, ஓட்டை விழுந்த தார்ப்பாய். மேற்குப் பார்த்த கடைக்காரர்கள் மத்தியானம் ஆனால் கல்லாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவார்கள். அங்கேதான் முனிரத்தினம் அண்ணன் மடக்கி விரிக்கிற ஷேடைக் கொண்டுவந்தார். சுவரில் ஓர் உருளை, மடங்கி நீளும் இரண்டு இரும்புக் கைகள், அவற்றின் மேல் கித்தான். கம்பியை மாட்டிச் சுற்றினால் துணி கடைக்கு முன்னால் நீண்டு வரும். எதிர்ப்பக்கம் சுற்றினால் போய்ச் சுருண்டுகொள்ளும். முதல் ஷேட் விரிந்த அன்று அதைப் பார்க்கவே கூட்டம் கூடியது.

அவர் தேசூர்ப் பக்கம், சொந்த நிலம் இல்லாத குடும்பம். மெட்ராஸில் ஒரு பட்டறையில் பத்து வருடம் இருந்து வேலை கற்றுக்கொண்டு வந்தவர். இங்கே சேத்துப்பட்டு ரோட்டில் அரிசி ஆலைக்குப் பின்னால் ஒற்றை அறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்றால், "யாருமா பொண்ணு குடுத்தாங்க?" என்பார். கேட்டுப் பார்த்தீர்களா என்றால், "கேக்கலயே" என்பார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

நான் அப்போது ஜவுளிக்கடைகளுக்குப் புடவையில் ஃபால்ஸ் வைத்து, முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் விசைத்தறி வேலைக்கென்று பெங்களூர் போனவர், அங்கேயே ஒரு குடும்பத்தையும் பார்த்துக்கொண்டார். மெஷின் என்னோடு இருந்துவிட்டது. அது நல்ல மெஷின். ஒரு நாள் சைக்கிளில் கித்தான் சுருளை வைத்துக்கொண்டு இவர் வந்து நின்று, "எம்மா, இத்த தெச்சித் தர்றீங்களா?" என்றார். "நாங்க பட்டு தெக்கறவங்க. கித்தான்லாம் லாரி ஷெட்டாண்ட போய்க் கேளுங்க" என்றேன். அவ்வளவு திமிர் எனக்கு. "கேட்டேன்மா. கோணலா தெக்கறாங்க. உங்க கையி நேருன்னு சொன்னாங்க" என்றார். புகழ்ச்சிக்கு மயங்காத ஆள் உண்டா? வாங்கி வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மூன்று ஊசி உடைந்தது.

அந்த முதல் துணியில் ஒரு கூத்து நடந்தது. ரோட்டுப் பக்கம் தொங்க வேண்டிய அலை ஓரத்தைச் சுவர்ப் பக்கம் தைத்துவிட்டேன். மறுநாள் திரும்பக் கொண்டுவந்தார். கோபம் இல்லை. "சொவுத்துக்கு ஜோடிச்சிட்டீங்கமா. ரோட்ல போறவனுக்கும் கொஞ்சம் காட்டணும்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் கொண்டுவந்த ஒவ்வொரு துணியிலும் ஒரு பக்கம் "ரோடு", இன்னொரு பக்கம் "சொவுரு" என்று சாக்பீஸால் எழுதியிருக்கும். நான் எத்தனை வருடம் தைத்துப் பழகிய பிறகும் எழுதுவதை விடவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சலாக வரும். இப்போது அப்படி எழுதிய ஒரு துண்டுகூட என்னிடம் இல்லையே என்று இருக்கிறது.

வேலை எடுத்தால் முதல் நாள் அளக்க மாட்டார். அந்தக் கடைக்கு எதிரே காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருப்பார். மணிக்கு ஒரு தரம் எழுந்து போய், நிழல் எங்கே முடிகிறதோ அங்கே தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. சில முதலாளிகள் பேஜாராகி, "இன்னாயா, டேப்ப வெச்சி அளந்துட்டு ஜல்தியா போவியா, கோலம் போட்டுகினு கீற" என்பார்கள். அவர் சிரித்துக்கொள்வார். என்னிடம் ஒரு முறை சொன்னார்: "வெயில நம்மளால தடுக்க முடியாதுமா. கொஞ்சம் தள்ளி நில்லுன்னு சொல்லலாம், அவ்ளோதான். சொல்றதுக்கு முன்ன அது எங்க நிக்குதுன்னு பாக்க வேணாமா?"

அவருடைய கம்பியை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓர் ஆள் உயரம், ஒரு முனையில் கொக்கி, மறுமுனையில் சுற்றுவதற்கு வளைத்த பிடி. எந்த ஷேடுக்கும் அது ஒன்றுதான். சைக்கிளில் நிமிர்த்திக் கட்டிக்கொண்டு வருவார். வேல் வருகிறது என்று டீக்கடையில் கிண்டல் செய்வீர்கள். அதை மட்டும் எந்தக் கடையிலும் கொடுத்துவிட்டுப் போக மாட்டார். கொடுத்தால் மழையில் விரித்து விட்டுவிடுவீர்கள், தண்ணீர் தேங்கி இரும்புக் கை வளைந்துவிடும் என்று பயம். அதனால் தினமும் ஒரு மணிக்குக் கடை கடையாக வந்து இறக்குவார். ஐந்தரைக்கு வந்து ஏற்றுவார். தெரு முழுக்க அந்தக் கிர்ர் சத்தம் வரிசையாக நகர்ந்து வரும். கடிகாரம் நின்றுபோன கடைகளில் அதைக் கேட்டு முள்ளைத் திருப்பி வைத்ததுண்டு.

என் வீட்டுக்கு வாரத்தில் மூன்று நாலு முறை வருவார். ஒரு நாளும் வாசற்படியைத் தாண்டியதில்லை. துணியை ஜன்னல் கட்டையில் வைப்பார், வெளியே நின்றபடியே பேசுவார். டீ கொடுத்தால் நின்றுகொண்டே குடித்துவிட்டு, டம்ளரை அவரே கழுவி ஜன்னலில் கவிழ்த்து வைப்பார். உள்ளே வாங்க என்று நானும் சொன்னதில்லை. தனியாக இருக்கும் பெண் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், எங்கள் தெருவுக்கும் தெரியும். இன்றைக்கு அதை எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு டம்ளரைக் கழுவ விட்டபோது கூசவில்லை.

இனி அந்தப் புடவை விஷயம்.

நம் தெருவிலேயே பெரிய பட்டுக்கடை அது. பேர் வேண்டாம். முதலாளி, வாசல் முழுவதும் வருகிற மாதிரி ஷேட் போடச் சொன்னார். வெள்ளைக் கித்தான்தான் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். வழக்கமாக வேலூர் போய்த் துணி எடுத்து வருவது முனிரத்தினம் அண்ணன். அந்த வாரம் அவருக்கு நல்ல காய்ச்சல். முகூர்த்த நாட்கள் நெருங்கிக்கொண்டிருந்தன. "நான் போய் எடுத்துகினு வரேன், எனக்குத் துணி தெரியாதா?" என்று பஸ் ஏறினவள் நான்.

வேலூர்க் கடையில் வெள்ளை இருந்தது. ஆனால் மெலிசு, ஒரு கோடைக்குத் தாங்காது. பக்கத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சுருள், கெட்டியான நெசவு. பார்க்க அவ்வளவு எடுப்பு. வெள்ளை அழுக்காகும், இதுதான் பட்டுக்கடை வாசலுக்கு லட்சணம் என்று நானே முடிவு செய்து வாங்கி வந்தேன். முனிரத்தினம் அண்ணன் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து துணியைப் பார்த்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தும் பார்த்தார். "வெள்ளதான கேட்டாங்க? பட்டுக்கடையாச்சேமா" என்று இழுத்தார். நான் சொன்ன பதில் இன்றும் வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "வெயில் உள்ள வராம இருக்கணும், அவ்ளோதானே அண்ணா. கலர்ல இன்னா இருக்குது?" தறிக்காரன் வீட்டில் பிறந்து, சாயப்பட்டறைப் புகையில் வளர்ந்தவள் கேட்கிற கேள்வியா அது?

முதலாளிக்கும் பார்த்ததும் பிடித்துப்போனது. மாட்டியாகிவிட்டது. முதல் வாரம் கடைத்தெருவே அந்த வாசலைப் பார்த்துக்கொண்டு போனது.

பட்டு எடுக்க வருகிறவர்கள் உள்ளே டியூப்லைட்டில் பார்த்துத் திருப்தியாக மாட்டார்கள் என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாசலுக்கு எடுத்து வந்து, பகல் வெளிச்சத்தில் இரண்டு புறமும் புரட்டிப் பார்த்த பிறகுதான் முடிவு செய்வார்கள். சேத்துப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். மணப்பெண் கூறைப்புடவையை வாசலில் பிடித்துப் பார்த்து, குங்குமச் சிவப்பு என்று ஆசையாக எடுத்துக்கொண்டு போனாள். நாலு நாள் கழித்து வேனில் திரும்பி வந்தார்கள். பெண்ணின் அப்பா புடவையைக் கடை மெத்தையில் விசிறிப் போட்டார். "எட்த்தது செகப்பு. ஊட்ல போய்ப் பிரிச்சா ராணி கலரு. பொட்டணம் கட்டும்போது மாத்திட்டீங்க. ஆரணில இப்பிடிதான் யாவாரம் பண்றீங்களா?" என்றார். பட்டுக்கடைக்கு இதைவிடக் கெட்ட பேச்சு கிடையாது. முதலாளி திரும்பிப் பாலுவைப் பார்த்தார். அன்றைக்கு அந்தப் பொட்டலத்தைக் கட்டியது விற்பனையாள் பாலு. பாலு தன் பிள்ளை மேல் சத்தியம் செய்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "எழுந்து போய்யா" என்று முதலாளி அவரிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

ஏனென்றால் நான் அங்கேதான் இருந்தேன். ஃபால்ஸ் வைத்த புடவை மூட்டையை இடுப்பில் வைத்துக்கொண்டு தூண் ஓரமாக நின்றிருந்தேன். டியூப்லைட்டுக்குக் கீழே அடர்ந்த ரோஸாகக் கிடந்த அந்த ராணி நிறத்தைப் பார்த்தேன், பிறகு வாசலில் ஷேடுக்குக் கீழே பரவியிருந்த ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்த்தேன். கூட்டத்தில் முதலில் புரிந்துகொண்டவள் நான்தான்.

சத்தம் கேட்டு முனிரத்தினம் அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார். வாசலிலேயே நின்று விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பெண்ணைப் பார்த்து, "எம்மா, அன்னிக்கி எங்க நின்னு பாத்தீங்களோ அங்கயே வந்து நில்லுங்க. பொடவயப் பிரிச்சிப் புடிங்க" என்றார். அவள் வந்து ஷேடுக்குக் கீழே நின்று பிடித்தாள். "இப்ப இன்னா கலரு?" என்றார். "செகப்பு" என்றாள் அவள். சொல்லிவிட்டு அவளே குழம்பிப்போய் அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் கம்பியை மாட்டிச் சுற்ற ஆரம்பித்தார். கிர்ர் என்று ஷேட் பின்வாங்கியது. வெயில் தரையில் ஊர்ந்து வந்து அவள் காலில் ஏறி, கையில் ஏறி, புடவையில் விழுந்தது. எல்லார் கண்ணெதிரிலும் சிவப்பு ராணி நிறமாக மாறியது. அவர் மறுபடியும் இறக்கினார், சிவப்பு. மறுபடியும் ஏற்றினார், ராணி. பெண்ணின் அப்பா போய்ப் பாலுவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

முதலாளி கத்தினார். "நான் வெள்ள தானயா சொன்னேன்? யாரக் கேட்டுயா இத்த போட்ட?"

"நான்தாங்க போட்டேன். துணி என்னுது, தப்பும் என்னுது. பாலு மேல ஒண்ணும் இல்லீங்க" என்றார். என்னை ஒரே ஒரு முறை பார்த்தார். உடனே பார்வையை எடுத்துவிட்டார்.

அந்த இடத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அந்த முதலாளி கொடுக்கிற புடவைகளில்தான் என் அடுப்பு எரிந்தது. நிறம் தெரியாதவள் என்று ஒரு பேர் வந்தால் வேறு எந்தக் கடையும் எனக்குப் பட்டு கொடுக்காது. இதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் கணக்காக யோசித்துவிட்டேன். மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும், நீங்கள்தான் செய்தீர்கள். ஷேட் போட்டால் பட்டின் நிறம் மாறும் என்று பேச்சு கிளம்பியது. வெள்ளைத் துணிக்கு அந்தக் குறை கிடையாது என்று அவர் சொல்லிப் பார்த்தார். பட்டுக்கடைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கழற்றச் சொன்னீர்கள். தான் மாட்டியதைத் தானே ஏணி வைத்துக் கழற்றினார். மிஞ்சியது மருந்துக்கடை, வாட்ச் ரிப்பேர்க் கடை, பழக்கடை, டீக்கடை. புது வேலைக்குத் தேவிகாபுரம், சேத்துப்பட்டு என்று பஸ் ஏறி அலைந்தார். ஒரு மணிச் சத்தம் மட்டும் நிற்கவில்லை. தெருவில் நாலே இடத்தில் கேட்டு ஓய்ந்துபோகும்.

இரண்டு மாதம் என் வாசலுக்கு அவர் வரவில்லை. மூன்றாம் மாதம் ஒரு நாள் அந்த ஆரஞ்சுத் துணியோடும் இரும்புக் கைகளோடும் வந்து நின்றார். "நல்ல துணிமா, வீணா கெடக்குது. உங்க ஜன்னலு மேற்கு. மெஷினாண்ட வெயில் அடிக்குது" என்றார். அளவுக்குக் கத்தரித்து, நானே தைத்து, அவரே மாட்டினார். எனக்குத் தண்டனை கொடுக்கத்தான் இதைக் கொண்டுவந்து என் தலைக்கு மேலேயே மாட்டுகிறார் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வெளிச்சத்தில் நூலுக்கும் துணிக்கும் நிறம் பொருத்த முடியாது. அந்த வேலையை மட்டும் காலையில் வைத்துக்கொள்வேன். மத்தியானம் முழுக்க என் மடியில் கிடக்கிற எல்லாப் புடவையும் பொய் நிறத்தில் இருக்கும்.

அன்றிலிருந்து என் ஜன்னலும் அவருடைய வரிசையில் சேர்ந்துகொண்டது. ஒரு மணிக்கு, "எறக்கட்டுமாமா?" என்பார். "எறக்குங்கண்ணா" என்பேன். ஐந்தரைக்கு, "ஏத்தட்டுமா?" "ஏத்துங்க." பல நாள் என்னிடம் யாராவது பேசியது அந்த இரண்டு கேள்விதான். அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஒரே ஒரு முறை அந்த விஷயத்தைப் பேசினோம். ஐப்பசி மாதம். இறக்கிய ஷேடை ஏற்ற வந்தவர், திடீரென்று கொட்டிய மழையில் அதன் கீழேயே மாட்டிக்கொண்டார். சுருட்ட முடியாதபடி துணி தண்ணீரைத் தாங்கித் தொப்பை போட்டது. கம்பியால் கீழிருந்து முட்டி முட்டித் தண்ணீரைத் தள்ளிவிட்டுக்கொண்டு நின்றார். நான் உள்ளே மெஷினில். இடையில் ஜன்னல் கம்பி. மழைச் சத்தத்தில் தைரியம் வந்து, "அண்ணா, அன்னிக்கி நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"இப்ப எதுக்குமா அது?" என்றார்.

"உங்களுக்குக் கோவமே வரலியா?"

கொஞ்ச நேரம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். "வரலன்னு சொன்னா பொய்மா. இனிமே உங்க பக்கமே வரக்கூடாதுன்னு ரெண்டு மாசம் இருந்து பாத்தேன். அப்பால நான் யாராண்ட பேசறது?" என்றார்.

மழை ஒரு மணி நேரம் பெய்தது. சாரலில் அவர் முழங்காலுக்குக் கீழே நனைந்துபோயிருந்தது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே வாங்க என்ற இரண்டு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. தெருவில் எதிர் வீட்டுக்காரி மழையை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் தலையைக் குனிந்து மெஷினை மிதித்தேன்.

தேசூரில் எல்லாம் முடிந்த பிறகு அவருடைய தங்கை அந்தக் கம்பியைக் கொண்டுவந்து காட்டினாள். அறையைக் காலி செய்தபோது கிடைத்த சாமான்களோடு வந்திருந்தது. "அண்ணன் இத்த எதுக்கு வெச்சிகினு இருந்துச்சின்னே தெரியலக்கா. நீங்க எடுத்துகினு போறீங்களா?" என்றாள். எடுத்துக்கொண்டேன். சேத்துப்பட்டில் பஸ் மாறி, ஆரணி வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். "இன்னாமா இது, வேலா?" என்றார் கண்டக்டர். எனக்குச் சிரிப்பு வந்து, கூடவே அழுகையும் வந்துவிட்டது. அவர் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

மறுநாள் ஒரு மணிக்கு நானே வெளியே வந்து, அவர் நிற்கிற இடத்தில் நின்று, கொக்கியை மாட்டிச் சுற்றினேன். நான் நினைத்திருந்ததைவிடக் கனமான வேலை. சுற்றும்போது தற்செயலாக ஜன்னல் வழியே உள்ளே பார்த்தேன். அந்த இடத்திலிருந்து என் மெஷின் தெரிகிறது. மெஷினுக்குப் பக்கத்தில், என் வீட்டுக்காரர் போன நாளிலிருந்து யாரும் உட்காராத மர நாற்காலி நேராகத் தெரிகிறது. பத்து வருடத்துக்கு மேல், தினமும் இரண்டு வேளை, அந்தக் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டுதான் அவர் இதைச் சுற்றியிருக்கிறார்.

கம்பியை நான் வைத்துக்கொள்கிறேன். மருந்துக்கடை ஷேடையும் மற்ற மூன்றையும் இப்போது நான்தான் இறக்குகிறேன், ஏற்றுகிறேன், பார்த்திருப்பீர்கள். மழை வந்தால் ஓடி வருவேன், கவலை வேண்டாம். அந்தப் பேரையும் என்னிடமே கொடுத்துவிடுங்கள். ஆரஞ்சுத் துணியை வாங்கியது நான். கலரில் என்ன இருக்கிறது என்று கேட்டதும் நான். முனிரத்தினம் அண்ணன் கோட்டை விடவில்லை. பாலு, நீங்கள் இன்று சொந்தக் கடை வைத்து முன்வரிசையில் உட்கார்ந்திருப்பீர்கள். உங்களைக் காப்பாற்ற அவர் சுற்றிய கம்பிதான் இது.

இன்னமும் சந்தேகம் இருப்பவர்கள் ஒரு ராணி கலர் புடவையோடு மத்தியானம் மூன்று மணிக்கு என் வீட்டுக்கு வாருங்கள். இறக்கியும் காட்டுகிறேன், ஏற்றியும் காட்டுகிறேன். யாராக இருந்தாலும் சரி, வெளியே நிற்க வேண்டாம். உள்ளே வந்து உட்காருங்கள். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.